ஒரு யுத்த நாவலும் அதன்மேல் வந்த தீர்ப்புகளும்



இந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்த தோழர்கள், வழக்கம்போல் மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ பேசும்படி கேட்கவில்லை. ஒரு நாவலைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நமக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. விசாரித்ததில் சங்கதி தெரிந்தது. எரிக் மரியா ரிமார்க் என்னும் ஜெர்மன் ஆசிரியர் 1929இல் வெளியிட்ட “மேற்கே புதிதாக ஒன்றுமில்லை” என்ற யுத்த நாவலை வைத்து இங்கே நிர்வாகத் தோழர்களுக்குள்ளாகவே இரண்டு கட்சி ஏற்பட்டிருக்கிறதாம். ஒரு கட்சியார், யுத்த வெறியை ஒழிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடையாது, பத்துப் பிரதி வாங்க வேண்டும் என்கிறார்கள். மற்றக் கட்சியார், இதைப் படிக்கிறவன் மனமொடிந்து உட்காருவானே ஒழிய, யுத்தத்தை உண்டாக்கினவன் யார், லாபமடைந்தவன் யார் என்பது தெரியாமலே போவான், ஆகையால் அலமாரியில் இடமே கொடுக்கக்கூடாது என்கிறார்கள். இதற்குப் பஞ்சாயத்துச் சொல்ல நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாம் இலக்கியப் பண்டிதரல்ல. ஒரு புத்தகத்தைப் படித்தால் அதில் என்ன சொல்லியிருக்கிறது, அது நிஜமா, அதனால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம் என்று பார்க்கிற வழக்கம் மாத்திரம் உண்டு. ஆனால் இந்தச் சண்டை உங்கள் படிப்பகத்தில் புதிதாகப் பிறந்த சண்டையல்ல. இந்தப் புத்தகம் வெளிவந்த நாள் முதற்கொண்டு உலகமெங்கும் நடந்த சண்டை. அந்த விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உங்கள் விவகாரம் தானாகவே தெளியும் என்று நினைக்கிறோம்.

படிக்காத தோழர்களுக்காக முதலில் கதை. 1914இல் ஆரம்பித்த பெரிய சண்டையில், ஒரு ஜெர்மன் ஊர்ப் பள்ளிக்கூடத்து மாணவர்களைக் கண்டொரெக் என்ற வாத்தியார் தேசாபிமானப் பிரசங்கம் செய்து செய்து, வகுப்போடு கூட்டிக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் சேர்த்து விடுகிறார். யோசேப் பேம் என்ற பையன் ஒருவன் மாத்திரம் தயங்குகிறான். எல்லோரும் போகும்போது தான் மட்டும் போகாவிட்டால் கோழை என்பார்களே என்று பயந்து அவனும் போகிறான். முதலில் சாகிறவர்களில் அவன் ஒருவன். வாத்தியாருக்குக் காயம் கிடையாது. கதை சொல்லுகிற பால் பாய்மர் அந்த வகுப்புப் பையன்களில் ஒருவன். அவனுடைய நண்பர்கள் ஒவ்வொருவராய்ச் செத்து, கடைசியில் 1918 அக்டோபரில் அவனும் சாகிறான். அன்றைக்குப் போர்முனை அமைதியாக இருந்ததால் பட்டாளத்து அறிக்கை புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. அதுதான் புத்தகத்தின் பெயர். ஒரு மனிதன் செத்தது சர்க்கார் கணக்கில் செய்தியே அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதில் ஒரு ஜோடி பூட்ஸ் வருகிறது. மெத்தென்ற மஞ்சள் தோல் பூட்ஸ். கெம்மெரிக் என்ற பையனுக்கு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த சிநேகிதன் ம்யுல்லருக்கு அந்தப் பூட்ஸ்மேல் கண். சாகிறவனுக்குக் கால் இல்லையே, பூட்ஸ் எதற்கு என்று நினைக்கிறான். அவன் கெட்டவனல்ல. கெம்மெரிக்குக்கு உபயோகப்படுமானால் அதைத் தொடவே மாட்டான். உயிரோடு இருக்கிறவன் காலுக்கு நல்ல பூட்ஸ் அகப்படுவது அரிது, அவ்வளவுதான். கெம்மெரிக் செத்ததும் ம்யுல்லருக்குப் போகிறது. ம்யுல்லர் செத்ததும் பால் பாய்மருக்கு வருகிறது. அவன், தனக்குப் பிறகு ட்யாடென் என்பவனுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறான். ஆத்மா அழியாது, சட்டையை மாற்றுவதுபோல் உடலை மாற்றும் என்று நம் நாட்டில் யுத்தகளத்திலேயே உபதேசம் செய்ததாகச் சொல்லுகிறார்களே! இங்கே அழியாமலிருந்தது பூட்ஸ். மாறிக்கொண்டே இருந்தவன் மனிதன்.

நிற்க, இந்த ஆசிரியர் யார்? 1898இல் ஓஸ்னாப்ரூக் என்ற ஊரில் புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். 1916 கடைசியில் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டவர். 1917 ஜூனில் மேற்குப் போர்முனைக்குப் போய், ஜூலை 31இல் குண்டுச் சிதறல்களால் காயம்பட்டு, பிறகு வெகு காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கதை முதலில் 1928 நவம்பர், டிசம்பரில் பெர்லின் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, 1929 ஜனவரி கடைசியில் புத்தகமாயிற்று. ஜெர்மனியில் மாத்திரம் ஒன்றரை வருஷத்துக்குள் சுமார் 10 லட்சம் பிரதிகள் விற்றன. இருபதுக்கு மேற்பட்ட பாஷைகளில் மொழிபெயர்த்தார்கள்.

இவ்வளவு விற்றதும் எதிர்ப்பும் கிளம்பிற்று. முதலில் கிளம்பினவர்கள் தேசியவாதிகள். இது ஜெர்மன் சிப்பாயை அவமானப்படுத்துகிறது, அவன் வீரத்தைப் பற்றிப் பேச்சில்லை, பசி, பேன், எலி, கக்கூசு என்றே பக்கம் பக்கமாய் இருக்கிறது என்றார்கள். சொல்லப்பட்டது பொய்யென்று நிரூபித்தார்களா? இல்லை. சொன்னவன் பிறப்பை ஆராயப் புறப்பட்டார்கள். அவன் உண்மையில் யூதன், அவன் பெயர் க்ராமெர், அதைத் திருப்பிப் போட்டு ரிமார்க் என்று வைத்துக்கொண்டான், சண்டைக்கே போகாதவன் என்றெல்லாம் கட்டிவிட்டார்கள். உண்மை என்னவென்றால், குடும்பப் பெயரே ரிமார்க்தான். அதை முன்னோர் எழுதி வந்த பிரஞ்சு முறைப்படி அவர் மறுபடியும் எழுதினார். அவ்வளவுதான். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். யூதராய் இருந்தால்தான் என்ன? எலி கடித்தது பொய்யாகிவிடுமா? பேசினது சரியா என்று பார்க்காமல் பேசினவன் எந்தக் குலம் என்று பார்க்கிற வித்தை நமக்கு ஒன்றும் புதிதல்லவே. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷமாக அதற்குத்தானே சாஸ்திரம் என்று பெயர்!

இதில் நாம் ஒன்றை மறைக்கக்கூடாது. புத்தகத்தைப் போட்ட கம்பெனியார், ஆசிரியர் எழுத்துத் தொழிலே அறியாத ஒரு சாதாரணச் சிப்பாய், மனச்சுமை தாங்காமல் எழுதித் தீர்த்துவிட்டார் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். அது பித்தலாட்டம். அவர் 1920லேயே ஒரு நாவல் வெளியிட்டவர். பத்திரிகையில் உத்தியோகம் பார்த்தவர். போர்முனையில் இருந்ததும் வாரக்கணக்கில்தானே ஒழிய வருஷக்கணக்கில் அல்ல. இந்த விளம்பரப் புரட்டுத்தான் எதிரிகள் கையில் தடியைக் கொடுத்தது. மினோனா என்ற புனைபெயரில் எழுதின ஒருவர் 1929லேயே, எரிக் மரியா ரிமார்க் உண்மையில் வாழ்ந்தாரா என்று தலைப்புப் போட்டு ஒரு முழுப் புத்தகமே எழுதிக் கேலி செய்தார். அதற்கு டுகோல்ஸ்கி என்ற எழுத்தாளர், மினோனா உண்மையில் வாழ்ந்தாரா என்று தலைப்புப் போட்டே பதில் கொடுத்தார். உண்மையைச் சொல்லுகிறவர்கள் விளம்பரத்துக்காக ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டால், எதிரி அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு நூறு உண்மையையும் அடித்துவிடுவான். நம் பிரசாரகர்களும் இதைக் கவனித்தால் நல்லது.

இங்கிலீஷ்காரர்கள் கொஞ்சம் நாகரிகமாகச் சண்டை போட்டார்கள். டக்ளஸ் ஜெரால்ட் என்பவர் 1930இல் “யுத்தத்தைப் பற்றிய பொய்” என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். இப்படிப்பட்ட நாவல்கள் தனி மனிதன் ஒருவனுடைய துன்பத்தையே காட்டி, சண்டைக்கு ஒரு நோக்கமும் இல்லாததுபோல் செய்துவிடுகின்றன என்பது அவர் வாதம். இது யோசிக்க வேண்டிய ஆட்சேபணைதான். ஆனால் அந்த நோக்கம் என்ன என்று சிப்பாயிடம் யாராவது கேட்டதுண்டா, அவனுக்குத்தான் யாராவது சொன்னதுண்டா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். அமெரிக்காவிலோ வேறு வேடிக்கை. பையன்கள் திறந்த வெளியில் கக்கூசில் உட்கார்ந்து சீட்டாடுகிற காட்சியையும், காயம்பட்டவன் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் மனைவியோடு சேருகிற காட்சியையும் வெட்டிவிட்டு அச்சிட்டார்கள். வயிறு கிழிந்து குடல் சரிகிற இடத்தில் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை. மனைவியோடு சேர்ந்தால் மாத்திரம் ஒழுக்கம் கெட்டுவிடும்!

அதே சண்டையில் அதே பக்கத்தில் நின்று சண்டையிட்ட ஏர்ன்ஸ்ட் யுங்கெர் என்பவர் 1920லேயே “எஃகுப் புயல்களில்” என்று தன் அனுபவத்தை எழுதினார். பதினான்கு காயம் பட்டவர். அவர் கண்ணுக்கு அந்தச் சண்டை மனிதனைப் புடம் போடுகிற நெருப்பாகத் தெரிந்தது. அவரும் எலியையும் பிணத்தையும் மறைக்கவில்லை. ஆகவே இரண்டு பேரில் ஒருவர் பொய்யர் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒன்று மாத்திரம் சொல்லுவோம். யுங்கெர் ஆபீசர், கட்டளை கொடுத்தவர். பால் பாய்மர் கட்டளை வாங்கினவன். பல்லக்கில் போகிறவனும் பல்லக்குத் தூக்குகிறவனும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். பாதையைப் பற்றி இருவர் அபிப்பிராயமும் ஒன்றாயிராது.

இனி, இந்தப் படிப்பகத் தோழர்களின் இரண்டாவது கட்சிக்கு வருகிறோம். இவர்கள் சொல்லுவதை அப்போதே ஜெர்மன் பொதுவுடைமைக் கட்சிப் பத்திரிகைகள் சொல்லின. ரிமார்க் முதலாளியைக் காட்டவில்லை, பீரங்கி செய்து விற்றவனைக் காட்டவில்லை, யுத்தத்தை ஏதோ புயல் வெள்ளம் மாதிரி வந்த விதியாகக் காட்டுகிறார், புலம்பல்தான் உண்டு, போராட்டம் இல்லை என்றார்கள். சோவியத் விமர்சகர்கள் பிற்காலத்தில் ரிமார்க்கியம் என்று ஒரு வசவுச் சொல்லே உண்டாக்கிவிட்டார்கள். இதற்கு நேர் எதிராக அவர்கள் காட்டுவது, பிரஞ்சுக்காரரான ஹென்ரி பார்புஸ் 1916இல் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எழுதின “நெருப்பு” என்ற நாவலை. அதில் சேற்றில் கிடக்கும் சிப்பாய்கள் சமத்துவத்தைப் பற்றிப் பேசி ஒரு தெளிவுக்கு வருகிறார்கள்.

இந்த ஆட்சேபணையில் பாதி சரி. ரிமார்க்கே தன் புத்தகம் குற்றப்பத்திரிகை அல்ல என்று முன்னுரையில் சொல்லிக்கொள்ளுகிறார். குற்றப்பத்திரிகை இல்லாமல் குற்றவாளி எப்படி அகப்படுவான்? ஆனால், யுத்தத்துக்குக் காரணமே பேசப்படவில்லை என்று சொன்ன தோழர், புத்தகத்தை முழுதும் படித்தாரா என்று சந்தேகிக்கிறோம். கைசர் வந்து பார்வையிட்டுப் போன பிறகு சிப்பாய்கள் கூடிப் பேசுகிறார்கள். ஒரு தேசம் இன்னொரு தேசத்தை அவமதித்ததால் சண்டை வந்தது என்று ஒருவன் சொல்ல, ஒரு நாட்டு மலை இன்னொரு நாட்டு மலையை எப்படி அவமதிக்கும் என்று ட்யாடென் கேட்கிறான். அவன் பூட்டு வேலை செய்கிறவன். தனக்கு ஒரு அவமானமும் நேரவில்லையே, தான் வீட்டுக்குப் போகலாமே என்கிறான். நம் பாதிரியும் புரொபசரும் நம் பக்கமே நியாயம் என்கிறார்கள், பிரஞ்சுக்காரன் பாதிரியும் புரொபசரும் அவன் பக்கமே நியாயம் என்கிறார்கள், இரண்டும் எப்படிச் சரியாகும் என்றும் பேச்சு வருகிறது. இன்னொரு இடத்தில், மந்திரிகளும் தளபதிகளும் குளிக்கிற உடையோடு கையில் தடியை எடுத்துக்கொண்டு அவர்களே அடித்துக்கொள்ளட்டும், பிழைத்தவன் நாடு ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் யோசனை சொல்லுகிறான். பேச்சு முடிவுக்கு வராமல் நின்றுவிடுகிறது. ஏன்? பத்தொன்பது வயதுப் பையன்கள், படிப்பு பாதியில் நின்றவர்கள், நாளைக்கு உயிரோடிருப்போமா என்று தெரியாதவர்கள். முடிவுக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தால்தான் பொய்.

அந்தக் குழியில் நடக்கிற சம்பவத்தையும் பாருங்கள். பால் ஒரு பிரஞ்சுச் சிப்பாயைக் கத்தியால் குத்திவிட்டு, வெளியே வர வழியில்லாமல் அவன் சாகிற வரையில் மணிக்கணக்காக அவனோடேயே கிடக்கிறான். பையில் மனைவி, பெண் குழந்தையின் படங்கள். பெயர் ஜெரார் டுவால், அச்சுக் கோக்கிற தொழிலாளி. உனக்காகவே இனி வாழ்வேன் என்று பிணத்துக்குச் சத்தியம் செய்கிறான். தன் கூட்டத்தாரிடம் திரும்பினதும், குறிபார்த்துச் சுடுகிற ஒருவன் எண்ணிக்கை சொல்லிச் சந்தோஷப்படுவதைக் காட்டி அவனைச் சமாதானம் செய்கிறார்கள். சத்தியம் காற்றில் போய்விடுகிறது. இது வெறும் அழுகைப் புத்தகமாயிருந்தால் ஆசிரியர் அந்தச் சத்தியத்தோடு நிறுத்திக் கைதட்டு வாங்கியிருப்பார்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாவலில் பெண் என்றால் நோயாளித் தாய், சகோதரி, ரொட்டிக்காகப் படுக்கிற பிரஞ்சுப் பெண்கள் என்ற அளவில்தான். சண்டையில் ஆண்களுக்கு மாத்திரம் அனுபவம் இருந்ததுபோல் எழுதிக்கொண்டே போகிறார்களே என்று மனம் பொறாமல்தான், காயம்பட்டவர்களுக்குத் தாதியாய் வேலை செய்த வேரா ப்ரிட்டெய்ன் அம்மையார் 1933இல் தன் வரலாற்றை எழுதினார். அதற்கு முன்னே 1930இல் எவட்னி ப்ரைஸ் என்ற அம்மையாரை, ரிமார்க் நாவலைப் பரிகாசம் செய்து பெண்கள் பக்கத்திலிருந்து ஒன்று எழுதும்படி கேட்டார்கள். அவர் பரிகாசம் செய்ய மறுத்து, ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டின பெண்கள் பட்ட பாட்டையே நாவலாக எழுதிக் கொடுத்தார். இந்த ஆட்சேபணைக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. அது முழுக்க நியாயம்.

இது இப்படியிருக்க, விமர்சனத்தால் முடியாததைத் தடியால் செய்யத் துணிந்தவர்கள் கதையைக் கேளுங்கள். 1930 டிசம்பரில் இதன் அமெரிக்க சினிமாப் படம் பெர்லினில் காட்டப்பட்டபோது, கோயபல்ஸ் தன் ஆட்களோடு கொட்டகைக்குள் புகுந்து வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டு நாற்றக் குண்டும் போடச் செய்தான். ஒரு வாரத்துக்குள் சர்க்கார் தடை செய்தது, எலி விட்டவனையல்ல, படத்தை! 1933 மே 10இல் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். பெர்லினில் நெருப்பில் போடும்போது கூவின பெயர்களில் ரிமார்க் பெயரும் ஒன்று. கொளுத்தினவர்கள் தெருப் போக்கிரிகள் அல்ல தோழர்களே, சர்வகலாசாலை மாணவர்கள்! புரொபசர்கள் கூட நின்றார்கள். 1938இல் அவருடைய பிரஜா உரிமையைப் பறித்தார்கள். அவர் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். தங்கை எல்ஃப்ரீடே தப்பவில்லை. டிரெஸ்டன் நகரத்தில் தையல் தொழில் செய்து வந்த அந்த அம்மாள், இந்த யுத்தம் தோற்றுப்போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டவர் காட்டிக் கொடுத்ததால், 1943 டிசம்பர் 16இல் தலை வெட்டப்பட்டார். அண்ணனைப் பிடிக்க முடியாத ஆத்திரமும் அந்தத் தீர்ப்பில் சேர்ந்திருந்தது. தங்கை செத்தது அண்ணனுக்குத் தெரிந்ததே சண்டை முடிந்த பிறகுதான்.

நமக்கு இந்தப் புத்தகத்தில் முக்கியமாகப்படுவது பீரங்கியுமல்ல, பூட்ஸுமல்ல, அந்த வாத்தியார்தான். தேசியவாதிகளும் பொதுவுடைமைக்காரரும் அவரைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது நம் அபிப்பிராயம். பையன்கள் ஏன் போனார்கள்? பெரியவர்கள் சொன்னார்கள், படித்தவர்கள் சொன்னார்கள், தங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்று நம்பினார்கள். முதல் பிணத்தைக் கண்டதும் அந்த நம்பிக்கை உடைந்தது. சிப்பாயின் பெல்ட் பூட்டில், கடவுள் நம்முடன் இருக்கிறார் என்று பொறித்திருந்தது. எதிர்ப் பக்கத்தாரும் அதே கடவுளைத்தான் கும்பிட்டார்கள். கண்டொரெக் வாத்தியாரையும் கடைசியில் பட்டாளத்துக்கு இழுத்து, அவரிடம் படித்த பையன் கையிலேயே டிரில்லுக்கு விடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்து ஏவலாள் நல்ல சிப்பாயாய்த் தேர்ந்திருக்கிறான். வாத்தியார் அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாகிறது. நாம் இதைப் படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தோம்.

ஆனால் சிரித்து முடிந்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1914 அக்டோபரில் ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் கையெழுத்துப் போட்டு, எங்கள் பட்டாளம் செய்வதெல்லாம் சரி என்று உலகத்துக்கு ஓர் அறிக்கை விட்டார்கள். பாதிரிகள் மாத்திரம் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை. எக்ஸ்ரே கண்ட ரான்ட்கன் போட்டார். பிளாங்க் போட்டார். நம்மவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற எர்ன்ஸ்ட் ஹெக்கல், கடவுள் இல்லாமலே உலகத்துக்கு விளக்கம் சொன்ன ஹெக்கல், அவரும் போட்டார்! எதிர் அறிக்கையில் கையெழுத்திட்ட ஐன்ஸ்டீன் முதலானவர்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். கோவிலை விட்டு வெளியே வந்தவன் கொடிக்கம்பத்தின் கீழே விழுந்து கும்பிட்ட கதை இது. ஆகவே, நாம் பகுத்தறிவுக்காரர், நமக்குள் கண்டொரெக் இல்லை என்று எந்தத் தோழரும் மார்தட்ட வேண்டாம்.

அதே பிரான்சுச் சேற்றுக்கு இந்தியச் சிப்பாய்களும் லட்சத்துக்கு மேல் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த யுத்தத்தில் எல்லாப் போர்முனைகளிலுமாகச் செத்த இந்தியர் சுமார் 74,000 பேர். அவர்களுக்கு எதற்காக என்று சொன்னவர் யார்?

2022இல் ஜெர்மானியரே இக்கதையைப் புதிதாகப் படமெடுத்தார்கள். நான்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் படத்தில் பால் பாய்மர், சண்டை நிற்கப்போகிற கடைசி நிமிஷத்தில், ஒரு தளபதியின் வெறியால் நடந்த தாக்குதலில் சாகிறான். ஜெர்மன் விமர்சகர்கள் பலருக்கு இந்த மாற்றங்கள் பிடிக்கவில்லை. நமக்கும் பிடிக்கவில்லை. ஒரு கெட்ட தளபதி தலையில் பழியைப் போட்டுவிட்டால், கெட்டவன் இல்லாத நாட்களில் செத்தவர்களுக்கு யார் பொறுப்பு?

இனி உங்கள் பஞ்சாயத்து. 10 லட்சம் பிரதி விற்ற நாட்டிலேயே பத்தே வருஷத்தில், 1939இல், அடுத்த யுத்தம் கிளம்பிற்று. ஆகையால், இந்தப் புத்தகம் யுத்தத்தை ஒழித்துவிடும் என்று சொன்ன முதல் கட்சியார் கொஞ்சம் அடக்கமாய்ப் பேச வேண்டும். அலமாரியில் இடமில்லை என்ற இரண்டாவது கட்சியாரை ஒன்று கேட்கிறோம். நம் கொள்கைக்கு வேண்டிய முடிவை இந்தப் புத்தகம் சொல்லவில்லை என்பதுதானே உங்கள் குறை? தங்களுக்கு வேண்டியதைச் சொல்லாத புத்தகங்களைத்தானே 1933இல் அவர்கள் கொளுத்தினார்கள்? நீங்கள் கொளுத்தவில்லை, அலமாரிக்கு வெளியே வைக்கிறீர்கள். வித்தியாசம் பெரிதுதான், ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் இரண்டும் புறப்படுகிற இடம் ஒன்று. இதை உங்களை மாத்திரம் பார்த்துச் சொல்லவில்லை. வெகு நாளைக்கு முன் இந்நாவலை முதல் தடவை படித்தபோது நாமும், இதில் இயக்கத்துக்குப் பிரயோஜனமான சங்கதி கொஞ்சம்தான் என்று ஒரு நண்பருக்கு எழுதினோம். இரண்டாந்தரம் படித்த பிறகுதான் அந்த வாத்தியார் நம் கண்ணில் பட்டார்.

நம் தீர்ப்பு என்று கேட்டால், புத்தகத்தை வைக்க வேண்டும். யுங்கெர் புத்தகத்தையும், பார்புஸ் புத்தகத்தையும், ப்ரிட்டெய்ன் அம்மையார் புத்தகத்தையும் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பத்துப் பிரதி வேண்டாம், இரண்டு போதும். மீதிப் பணத்துக்கு மற்ற மூன்றையும் வாங்கலாம். வருகிற மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி எதிர்க்கட்சித் தோழரே முதலில் பேச வேண்டுமென்றும், அவருக்குப் பதில் சொல்ல ஒரு பெண் தோழரை ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும் தலைவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.